நாங்கள் விட்டால் அவன் பிடிப்பானாம்!

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றேன். பக்கத்தில் நின்ற இருவர் ஆமை இறைச்சியைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தாழ்ந்த குரலில். அதற்கான நியாயம் மட்டும் துறைமுகமே கேட்கிற குரலில்: “நாங்கள் விட்டாலும் அங்கால போனா அவன் பிடிச்சுப்போடுவான் தானே, மாஸ்டர்?” மாஸ்டர் பெரிதாகத் தலையாட்டினார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிசன்! எனக்கு ஏறின கோபம், நான் நயினாதீவில் இறங்கிய பிறகும் இறங்கவில்லை.

இது அந்த இரண்டு பேரின் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஊர்காவற்றுறையில் கேட்டாலும் இதுதான், நெடுந்தீவில் கேட்டாலும் இதுதான். ஆமைக்கும் இதே நியாயம், கடற்பன்றிக்கும் இதே நியாயம், விரல் நீள மீன்குஞ்சை அள்ளுகிற சின்னக் கண் வலைக்கும் இதே நியாயம். வந்து போகிற உயிருக்குச் சொந்தக்காரன் இல்லையாம்; வந்த இடத்தில் அமுக்குகிறவன்தான் கெட்டிக்காரனாம். இவ்வளவு வசதியான நியாயம் உலகத்தில் வேறு கிடையாது. எந்தக் களவுக்கும் அளவாகப் பொருந்தும்.

சரி, ஒடிசாவைப் பார்ப்போம். 1970களில் அந்தக் கரையில் பங்குனி ஆமைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துக் கல்கத்தாச் சந்தைக்கு இறைச்சியாக ஏற்றினார்கள். 1977இல் இந்தியா அந்த ஆமையை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. 1980களில் கரையோரக் காவற்படை காவலுக்கு இறங்கியது. 1997இல் கஹிர்மாதா கடற்சரணாலயம் வந்தது. இன்றைக்கும் நவம்பர் 1 முதல் மே 31 வரை, ஆமைகள் கூடுகிற கடற்பரப்புகளில் மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம், ஐயா! நாங்கள் ஏழு நாள் வலையைச் சுருட்டி வைப்போமா? அந்தக் காவலின் பலனைக் கரையிலேயே கண்டார்கள். 2025 பெப்ரவரியில் ருஷிகுல்யாக் கரையில் மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் ஏறி முட்டையிட்டன.

ஒடிசாக்காரனின் காதிலும் யாராவது ஓதியிருப்பார்கள்: “நீ விட்டால் இலங்கைக்காரன் பிடிப்பான்.” ஓதினவன் பொய்யும் சொல்லியிருக்க மாட்டான். ஒடிசாவில் தகடு பூட்டி விட்ட ஆமைகள் இலங்கைக் கரைகளில் கிடைத்திருக்கின்றன. 2021இல் அங்கே தகடு பூட்டிய ஓர் ஆமை 2025இல் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. இடையிலே ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக்கடலுக்குப் போக அதற்கு இரண்டே வழிதான்: எங்கள் நீரிணைக்குள்ளால் வந்திருக்க வேண்டும், அல்லது இலங்கையைச் சுற்றிப் போயிருக்க வேண்டும். எந்த வழியால் போயிருந்தாலும் எங்கள் தீவின் வாசலால் போன உயிர் அது. இறங்குதுறையில் கண்ட இருவரின் கையில் அகப்பட்டிருந்தால் குஹாகர் மணலுக்கு முட்டை ஏது?

ஆக, மாஸ்டர் தலையாட்டிய அந்த ‘அவன்’ யாரென்று இப்போது விளங்குகிறதா? ஒடிசாக்காரனுக்கு ‘அவன்’ நாங்கள்தான். அவன் ஏழு மாதம் வலையை மடித்துக் காத்து அனுப்புகிறான். நாங்கள் ‘அவன் பிடிப்பான்’ என்று சொல்லிக்கொண்டே பிடிக்கிறோம். ஒரு பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து வருடத்துக்கு மேலே செல்லும். ஆயிரம் குஞ்சில் ஒன்றிரண்டு தேறினாலே பெரிய காரியம் என்கிறார்கள் ஆமை ஆய்வாளர்கள். சட்டிக்குள் போகிற பெண் ஆமை அந்த ஆயிரத்தில் தப்பிய ஒன்று. இதை உயிரியல் படித்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

‘ஆமை வடிவான சீவன், அதனால்தான் வெளிநாட்டுக்காரர் கண்ணீர் விடுகிறார்கள்’ என்று அடுத்த கதை தொடங்கும். வடிவில்லாத சீவன் ஒன்றைக் காட்டுகிறேன். அத்திலாந்திக் கடலில் லாம்ப்ரே என்று ஒரு மீன் இருக்கிறது. விலாங்கு மாதிரி உடம்பு. தாடையே இல்லாத வட்ட வாய். அந்த வாய் நிறையப் பல். மற்ற மீனில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சிச் சீவிக்கும். குஞ்சாக ஆற்றுச் சேற்றுக்குள் சில வருடம் கண் தெரியாமல் கிடந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றில் ஏறிச் சாகும். அது பிறந்த ஆற்றுக்கே திரும்புவதில்லை. எந்த ஆற்றில் லாம்ப்ரேக் குஞ்சுகளின் வாசம் வருகிறதோ அந்த ஆற்றில் ஏறும். போர்த்துக்கல் விட்ட மீன் ஸ்பெயின் ஆற்றில் ஏறலாம், பிரான்ஸ் ஆற்றிலும் ஏறலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போர்த்துக்கல்காரர் மொண்டேகு ஆற்றில், கோயிம்பிரா அணைக்கட்டில், மீன் ஏறிப் போக 2011இல் வழி கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் ஒன்றும் சைவக்காரர் இல்லை. லாம்ப்ரேச் சோறு அங்கே விலை கூடின சாப்பாடு. வழியை அடைத்தால் பிறகு வாறவனுக்கு இல்லாமல் போகும் என்று தெரிந்த வாய் அது.

இதே மீன் வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குள் புகுந்து அங்கத்தை மீன்களைச் சூறையாடியது. கனடாவும் அமெரிக்காவும் 1954இல் உடன்படிக்கை எழுதி, அடுத்த வருடமே கூட்டு ஆணைக்குழு அமைத்து, இன்றுவரை சேர்ந்து அதைக் கட்டுப்படுத்துகின்றன. ஓரிடத்தில் காக்க வேண்டிய மீன், இன்னோரிடத்தில் ஒழிக்க வேண்டிய மீன். எதுவானாலும் எல்லையின் இரு கரையிலும் இருக்கிறவர்கள் ஒரு மேசையில் இருந்தால்தான் முடியும். பாக்கு நீரிணையின் மீன்பிடிச் சண்டைக்கும் இரு நாட்டாரும் மேசை போட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், படம் எடுத்தார்கள்.

மேசை என்றதும் றோலர் ஞாபகம் வருகிறது. 2022 செப்ரெம்பரில் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாங்கள் கடற்பன்றி என்பதை அவர்கள் கடற்பசு என்கிறார்கள். நல்ல விசயம், கை தட்டினோம். ஆனால் அதே கரையிலிருந்து திங்கள், புதன், சனி என்று முறை வைத்து வருகிற றோலர்கள், அந்தக் கடற்பன்றி மேய்கிற சாதாளையை வேரோடு வழித்துக்கொண்டு போகின்றன. அங்கே பசுவுக்குக் காப்பகம், இங்கே பசுவின் புல்லுக்கு அரிவாள். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை செய்த பிறகும் எங்கள் பக்கத்து இழுவைப் படகுகள் எங்கே போயின என்று கேட்டால், எல்லோருக்கும் திடீரென்று காது கேட்பதில்லை. கேட்டால் வாற பதிலும் அதே பழைய பாட்டுத்தான்: நாங்கள் விட்டால் அவன் இழுப்பான்.

கடலட்டைப் பண்ணைக்கு ஆழங்குறைந்த கடலை வலை கட்டி அடைக்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் அடைக்காவிட்டால் கொழும்புக்காரன் அடைப்பான். ஆனித் திருவிழாவுக்கு வந்து பொலித்தீன் பையைக் கடலுக்குள் போடுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். நான் போடாவிட்டால் மட்டும் கடல் துப்புரவாகிவிடுமா? பேராமை அந்தப் பையைத் தின்று சாவது அவருடைய தீர்த்த யாத்திரைக் கணக்கில் வராது.

நயினாதீவில் நின்றுகொண்டு இப்படிக் கதைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! நாகபூஷணி அம்மன் கோயில் கதை தெரியாத பிள்ளை இங்கே உண்டா? புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்திய நாகத்தைக் கருடன் கொல்ல வந்தது. வழியே கப்பலில் போன காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மாநாய்கன் இடையில் புகுந்து காத்தான். பிறகு கோயிலையும் அவனே எழுப்பினான். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். அந்த நாகம் மாநாய்கனின் வீட்டுப் பாம்பா? அந்தக் கடல் அவன் ஊர்க் கடலா? ‘நான் காத்தாலும் நாளைக்கு வேறொரு கருடன் கொத்தும்’ என்று கணக்குப் பார்த்துப் பாயை விரித்துப் போயிருந்தால், இன்று கோயில் ஏது, தேர் ஏது, மாஸ்டர் வரிசையில் நின்று வாங்குகிற அன்னதானம் ஏது?

தானாக வந்து மாட்டின ஆமையை வலையை வெட்டித் தப்ப விட வேண்டும் என்றால் வலை போகும். வலை போனால் காசு போகும். அந்தக் கஷ்டம் தொழிலாளியினுடையது. அதற்கு நட்டஈடு கேட்டு நானும் கத்துவேன். என்னுடைய வழக்கு அவனோடு இல்லை. கரையில் நின்று விலை கேட்கிற படித்தவர்களோடு. இலங்கையில் ஐந்து வகை ஆமைக்கும் 1972 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாங்குவதும் குற்றம். அதையும் மீறித்தான் சாப்பிடுவேன் என்றால், ‘எனக்கு ஆசையாக இருக்கிறது, சாப்பிடுகிறேன்’ என்று நேரே சொல்லுங்கள். நாக்கு ஆசைக்கு ஒடிசாக்காரனையும் இராமேஸ்வரத்தானையும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.