வண்டி நிற்கலாம், நிலம் யாருடையது?

நமது தோட்டப் பாதைகளில் இப்போது புது மாதிரியான வண்டிகள் ஏறி வருகின்றன. உள்ளேயே கட்டிலும் அடுப்பும் வைத்த கெம்பர் வான்கள், கூரையில் கூடாரம் விரிக்கும் ஜீப்புகள், வெளிநாட்டவர் வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிவரும் ஆட்டோக்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் என்னும் நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம், 22 கட்டங்களாகத் தேயிலை மலைகளுக்கு ஊடாகப் போகிறது. நம் நாட்டுச் சனமும் குறைவில்லை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை கிடைக்காத குடும்பங்கள் வானிலேயே படுத்தெழும்புகின்றன. சிவனொளிபாதமலை பருவகாலத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் இரவில் எத்தனை பஸ்கள் நிற்கின்றன என்பது அங்குள்ள நமது தோழர்களுக்குத் தெரியும்.

இவர்கள் எங்காவது இராத்தங்கத்தான் வேண்டும். இன்று கிடைத்த இடத்தில் நிற்கிறார்கள்: கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், பாதை வளைவில், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானத்தில். விடிந்ததும் போய்விடுகிறார்கள். பிளாஸ்டிக் போத்தலும் ஷொப்பிங் பையும் தேயிலைக் கானுக்குள் கிடக்கின்றன. மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மலைக்கு ஏறும் பெண்களின் காலில்தான் அது மிதிபடுகிறது. தோட்டத்து மக்களுக்கு ஐந்து சதம் வருவதில்லை.

ஆகவே தோட்ட மக்களே நடத்தும் இரவுத் தரிப்பிடங்கள் வேண்டும் என்பது எமது கருத்து. ஹோட்டல் அல்ல, கபானாவும் அல்ல. ஐந்தாறு வண்டி நிற்கக்கூடிய சமதரை, ஒரு பீலி, இரண்டு மலசலகூடம், ஒரு விளக்கு, குப்பைத் தொட்டி, காசு வாங்கி ரிசீட் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். பாவனையில் இல்லாத தவறணையோ பழைய பிரட்டுக்களமோ போதும். ஒரு தேயிலைச் செடியையும் பிடுங்கத் தேவையில்லை.

"லயத்தில் நமக்கே ஒழுங்கான கக்கூஸ் இல்லை, வண்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டுமா?" எந்தத் தோட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். வரத்தான் வேண்டும். தரிப்பிடத்துக்கென்று போடப்படும் தண்ணீரும் மலசலகூடமும் பக்கத்து லயத்துக்கும் வருடம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைப்போம். அதற்குச் சம்மதமில்லை என்றால் அந்த இடத்தில் தரிப்பிடமே வேண்டாம். செலவைப் பிரதேச சபையிடம் கேட்க இப்போது நமக்கு வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக்குள் சபைகள் பணம் செலவழிப்பதற்குக் குறுக்கே நின்றது. அதாவது ஓட்டுக் கேட்பவர்கள் லயத்துப் படி ஏறலாம், சபையின் காசு ஏற முடியாது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் யாரும் தேடிவந்து பைப் போடமாட்டார்கள்.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. பிரான்சில் 1993 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் இப்படிப்பட்ட வண்டிகளைத் தங்கள் காணியில் ஓர் இரவு இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். வந்தவர் காலையில் வைனும் சீஸும் வாங்கிக்கொண்டு போவார் என்ற நம்பிக்கைதான். ஆனால் அது சொந்தக் காணிக்காரன் செய்வது. நமக்குப் பொருத்தமான கதை ஸ்கொட்லாந்தில் இருக்கிறது.

டன்கெல்ட், ஸ்ட்ரத்ஸ்பே என்று நமது தோட்டங்கள் பலவற்றுக்கு அந்த நாட்டு ஊர்ப் பெயர்கள்தான். (தொழிலாளர் வாயில் வழங்கும் பெயர்கள் வேறு என்பது வேறு விஷயம்.) 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். அந்த நாட்டின் மேற்கே ஹரிஸ் என்று ஒரு தீவுப் பகுதி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மேற்குக் கரையின் நல்ல நிலத்திலிருந்த குடியானவர்களை நிலச் சொந்தக்காரர்கள் கிளப்பிவிட்டு ஆடு வளர்த்தார்கள். சனம் கிழக்கே பாறைப் பக்கம் தள்ளப்பட்டது. பிற்காலத்தில் அந்த மேற்கு நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2010இல் அங்கு வாழும் மக்கள் ஒரு நிறுவனம் அமைத்து, அந்த நிலத்தை அரசாங்கத்திடமிருந்து ஊரின் பெயருக்கு வாங்கினார்கள். சில நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. கெம்பர் வான்கள் கடற்கரையோரப் புல்வெளியை மிதித்துக்கொண்டிருந்த அந்த ஊரில், இன்று மக்களின் நிறுவனமே சில இடங்களைக் குறித்து வண்டிகளுக்கு இரவுத் தரிப்பிடம் கொடுக்கிறது. கட்டணம் நிறுவனத்துக்குச் சேருகிறது. எத்தனை வண்டி, எங்கே நிற்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அவர்களுடையது. நிலம் கைக்கு வந்தது முதலில், தரிப்பிடம் அதற்குப் பிறகு.

நமது நிலைமை என்ன? தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டு, பிறகு நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். அப்படியிருந்தும் லயத்து வாசலில் ஒரு கோழிக்கூடு போடவும் துரையின் அனுமதி கேட்கிறோம். இந்த நிலையில் நாம் கல் பரப்பி, கான் வெட்டி, தரிப்பிடத்தை நல்லபடி நடத்திக் காட்டினால் என்ன நடக்கும்? வருமானம் தெரிந்ததும் அது "கம்பனியின் காணி" ஆகிவிடும். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த பழைய துரை பங்களாக்கள் சில இன்று பெரும் விலைக்கு அறை கொடுக்கும் விடுதிகள். அங்கே நமது பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் நல்லதுதான். வேலை கிடைப்பது வேறு, சொந்தமாக நடத்துவது வேறு.

அதனால் வாய்ப்பேச்சு கூடாது. துரை மாறினால் வார்த்தையும் மாறும். குறிப்பிட்ட துண்டு நிலத்தை நில அளவையாளர் அளந்து, வரைபடத்தோடு, கம்பனியின் குத்தகை முடியும் வரைக்காவது தோட்ட மக்களின் சங்கத்துக்கு எழுதித் தர வேண்டும். நமது தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பெயருக்காவது இருக்கின்றன. கணக்குப் புத்தகமும் வங்கிக் கணக்கும் அங்கே இருக்கலாம். தலைமை வதிவோர் கையில், கமிட்டியில் பாதி பெண்கள் என்றால்.

இன்னும் சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பேசவேண்டும். கெம்பர் வானின் கழிவறைத் தொட்டியில் ஒரு இரசாயனத் திரவம் ஊற்றுகிறார்கள். அதை நமது சின்ன மலக்குழிக்குள் கொட்டினால் குழியைச் சுத்தமாக வைத்திருக்கும் கிருமிகள் செத்துவிடும். ஓடையில் கொட்டினால் கீழ் டிவிஷன்காரர் அதைக் குடிப்பார். தனித் தொட்டியும் அதை உறிஞ்சி எடுக்கச் சபையின் பவுசரும் ஏற்பாடாகும் வரை, இங்கே கழிவு கொட்டக் கூடாது என்று வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும். இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து மண்சரிவு அபாயமில்லை என்று சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது.

அடுத்தது கூலி. மாலையில் கொழுந்து நிறுத்துக் களைத்து வரும் பெண்ணின் தலையில் "ஊருக்காக" என்று கக்கூஸ் கழுவும் வேலையைக் கட்டக்கூடாது. காவலுக்கும் துப்புரவுக்கும் சம்பளத்தோடு ஆள் வேண்டும். பிள்ளைகள் பேனையும் டொபியும் கேட்டு வான் கதவடியில் நிற்கும் பழக்கத்துக்கும் கமிட்டி முடிவு கட்டட்டும். கேட்காமல் படம் எடுப்பவர்களுக்கும் அப்படியே.

வருமானத்தைப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். ஒரு வண்டிக்கு இரவுக்கு 1,500 ரூபா, வாரத்துக்குப் பத்து வண்டி என்று வைத்தாலும் மாதம் 60,000 ரூபா அளவுதான். காவல், துப்புரவுச் சம்பளம் போனால் மீதி கொஞ்சம். காலையில் ரொட்டியும் சம்பலும் விற்கும் வீடுகளுக்குக் கைக்காசு கிடைக்கும். இது நாட்சம்பளத்துக்கு ஈடல்ல. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே எவ்வளவு இழுபறி! நாளைக்குச் சம்பளப் பேச்சு மேசையில் "உங்களுக்கு டூரிஸ்ட் காசு வருகிறதே" என்று கம்பனி சொல்லப் பார்க்கும். அந்தக் கதைக்கு இடம் கொடுக்காதபடி, இந்த வருமானத்துக்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யலாம். உங்கள் டிவிஷனில் சும்மா கிடக்கும் சமதரை எது, அதற்குப் பக்கத்துப் பீலியில் வரட்சி காலத்தில் தண்ணீர் வருகிறதா, அருகிலுள்ள லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மலசலகூடம் என்று எழுதி, தலைவர், மாதர் சங்கத் தலைவி இருவரும் கையெழுத்திட்டுக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பிரதேச சபைக்கும் கம்பனிக்கும் கொடுக்கும் கடிதத்தோடு அந்தப் பட்டியலை இணைப்போம்.