கடவுளைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து குடியிருக்கிறோம். வழிபாட்டில் எங்களுக்குள் எத்தனையோ வேற்றுமை. ஆனால், குழந்தைக்குச் சோறூட்டும் வேளையில் மட்டும் எல்லா வீடும் ஒரே மதமாகிவிடுகிறது. ஒரு வீட்டில், "சாமி கண்ணைக் குத்திரும்" என்கிறார்கள். அடுத்த வீட்டில், "இயேசப்பா அடிப்பாரு" என்கிறார்கள். பெயர்தான் வேறு, பிரம்பு ஒன்றுதான்.

அடுத்த வீட்டுப் பிரம்பை அடுத்த வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும். நான் கிறிஸ்தவன். என் வீட்டுப் பிரம்பைப் பற்றித்தான் எனக்குப் பேச உரிமை.

"இதில் என்ன குடி முழுகிப் போயிற்று? நாலு வாய் சோறு உள்ளே போனால் சரி. நாங்களும் இதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்? கெட்டா போனோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டுப் போகவில்லைதான். ஆனால் ஒரு துன்பம் வந்ததும், இது எந்தப் பாவத்துக்குத் தண்டனையோ என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தக் கணக்கு நோட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டது சோற்றுக் கிண்ணத்தின் அருகில்தான் என்பது என் கட்சி.

எங்களுக்கு வேண்டிய ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். இரவு குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். அண்ணன்காரனைக் காணோம். நாலு வயதுப் பையன். தேடிப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறான். "பாப்பாவுக்காக ஜெபம் பண்ண வாலே" என்று ஆச்சி கூப்பிட்டாள். "நான் வரல ஆச்சி. முட்டாயை எடுத்துட்டு இல்லைன்னு பொய் சொன்னேன். அதுக்குத்தான் இயேசப்பா பாப்பாவுக்குக் காய்ச்சல் குடுத்துட்டாரு. நான் கேட்டா இன்னும் கோவம் வந்திரும்" என்றான்.

மூன்றாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பையனுக்கு இறங்கியதா? அவனுடைய அச்சத்துக்கு எந்த மருத்துவர் சீட்டு எழுதித் தருவார்? துயரத்தில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரே மடியை, நாலு வயதிலேயே அவனிடமிருந்து பறித்துவிட்டார்களே!

சுவிசேஷத்தை நாம் எப்படித்தான் வாசிக்கிறோம்? குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்கள். அப்போது அவருக்குக் கோபம் வந்ததாக மாற்கு எழுதுகிறார். யார்மேல் கோபம்? வழிமறித்த பெரியவர்கள்மேல்! குழந்தைகளையோ அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தார். நாமும் இன்று வழிமறித்துத்தான் நிற்கிறோம். அவருடைய பெயரைச் சொல்லியே மறிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி இருக்கிறதே என்று சிலர் வேதத்தைப் புரட்டுவார்கள். இருக்கிறது. ஆனால் அது பிள்ளையைத் திருத்தும் பொறுப்பைத் தகப்பன் கையில் கொடுக்கிறது. அந்தப் பொறுப்பைத் தகப்பன் நைசாகக் கடவுள் தலையில் கட்டிவிடலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? "நான் சொல்கிறேன், சாப்பிடு" என்று சொல்லத் தைரியமில்லாதவர்கள்தாம் ஆண்டவரைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள்.

பிரம்பு சோற்றோடு நிற்பதும் இல்லை. சங்கரனும் நாராயணனும் ஒரே உருவில் நிற்கும் ஊர் இது. இவர் பெரியவரா, அவர் பெரியவரா என்ற வழக்கைத் தீர்த்துவைத்த தலம் என்று புராணம் சொல்லும். ஆடித் தபசு நாளில் ஊரே திரண்டு போகையில் நம் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று, "எங்கே போறாங்க?" என்று கேட்கிறது. "அங்கெல்லாம் பார்க்காதே, இயேசப்பா அடிப்பாரு" என்று பதில் வருகிறது. அவர்கள் திருவிழா அது, நம் வழிபாடு இது என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாதா? சோற்றுக்காகப் பயந்த பிள்ளை, இப்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தும் பயப்படக் கற்றுக்கொள்கிறது.

பயமில்லாமல் பக்தி வருமா என்கிறீர்களா? டோனாவூரைப் பாருங்கள், அதுவும் நம் நெல்லைச் சீமைதான். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவேயில்லை. ஆதரவற்ற குழந்தைகளை அங்கே வளர்த்தார். 1951-இல் மறைந்தபோது, தம் கல்லறைமேல் கல் வேண்டாம் என்ற அவர் விருப்பப்படி, பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை மட்டும் வைத்தார்கள். அதில் பொறித்தது தாய் என்று பொருள்படும் ஒரே சொல். அவர் காட்டிய கடவுள் எப்படிப்பட்டவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் வீடுகளிலும் நல்ல வழி இல்லாமல் இல்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று எடுத்துவைப்பது நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். அந்தப் பிடியைக் குழந்தையின் கையால் எடுக்கச் சொல்லுங்கள். நமக்கு முன்னே பசித்தவனுக்கு என்று சொல்லிக்கொடுங்கள். ஆயிரம் மிரட்டல் செய்யாததை அந்தச் சின்னப் பிடி செய்யும்.

இன்றிரவு பிள்ளை சாப்பிட மறுத்தால், கண்டியுங்கள். உங்கள் பெயரிலேயே கண்டியுங்கள். இல்லாவிட்டால் தட்டை மூடி வையுங்கள். பசித்தால் தானே கேட்கும். ஆண்டவரை அந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடிக்கும் இரவில் அந்தப் பிள்ளைக்கு அவர் வேண்டியிருக்கும்.