கரையை வரைந்தவர் மக்களை மறந்தார்!

நில அமைப்புக் கலை பயிலும் மாணவர்கள் பட்டம் பெற ஆய்வேடு ஒன்று அளித்திட வேண்டும். அவர்களிற் பலர் விரும்பி எடுக்கும் பொருள், ஆலைகளும் கப்பல் துறைகளும் ஓய்ந்துபோன நகரத்துக் கரை. முதல் தாளிலே "பாழ்நிலம்" என்று எழுதுகிறார்கள். அடுத்த தாளிலே பசும்புல், நிழல்மரம், கைகோத்து உலவும் இளஞ்சோடி! கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. மரம் வேண்டாமென்று கூறும் மூடர்களல்லர் நாம். ஆனால், அந்தப் படத்திலே மூட்டை சுமந்தவன் எங்கே?

இலண்டன் மாநகரின் கிழக்குக் கரையைப் பாருங்கள். அங்கேதான் 1889-இல், மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர் துறைமுகத் தொழிலாளர். அன்றாடம் வாயிலிலே நின்று, கங்காணி கைகாட்டினால் வேலை, இல்லையேல் பட்டினி என்ற கொடுமையைத் தாங்கிய தோள்கள் அவை! பின்னர் சரக்குப் பெட்டகக் கப்பல்கள் பெருத்தன. ஆழமான நீர் தேடி டில்பரிக்குச் சென்றன. 1967 முதல் 1981 வரை துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மூடிய பிறகு நடந்தது என்ன? 1981-இல் தாட்சர் அரசு வளர்ச்சிக் கழகம் ஒன்றை நியமித்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து திட்ட அனுமதி வழங்கும் உரிமையைப் பறித்து, அதன் கையிலே கொடுத்தது. வாக்குச்சீட்டு ஓரிடம், வரைபடம் வேறிடம்! 1982-இல், 'நாய்த் தீவு' எனப்படும் பகுதியிலே தனி மண்டலம் அமைத்து, பத்தாண்டுக்குச் சொத்துவரித் தள்ளுபடியும் தந்தது. ஏழைக் குடிகளுக்கா? வாணிகக் கோமான்களுக்கு! வாழைப்பழமும் தக்காளியும் இறங்கிய கானரி துறையிலே 1991-இல் ஐம்பது மாடிக் கோபுரம் நிமிர்ந்தது. பழத்துறையின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். பெயருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லையல்லவா?

"பாமரருக்குத் திட்டம் தீட்டத் தெரியுமா?" என்பர் சிலர். தெரியும்! ராயல் துறைகளிலே விமான நிலையம் வருகிறதென்றதும், அவ்வட்டார மக்கள் 1983-இல் தாங்களே 'மக்கள் திட்டம்' தீட்டினர். வேலை, குடியிருப்பு, குழந்தைகளுக்குக் காப்பகம்: இவையே அவர்கள் வரைந்த கரை! 1984-இல் படகேறி, தேம்ஸ் ஆற்று வழியே நாடாளுமன்றத்தின் வாயிலுக்கே சென்று முறையிட்டனர். கேட்டார்களா? 1987-இல், இரு கப்பல் துறைகளுக்கு நடுவே விமானம் இறங்கிற்று.

உங்கள் வீட்டுப் பிள்ளை இக்கலை பயில்கிறாரா? மண்ணிலே கலந்த நஞ்சை அளக்கட்டும். வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடட்டும். கூடவே, அந்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, நேற்று அங்கே யார் உழைத்தார் என்பதையும் முதல் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.