முழங்காலுக்கு அளவெடுத்த சோபா

சட்டை தைக்க அளவு கொடுக்கிறோம். செருப்பை நாலு கடை ஏறி இறங்கிப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்காரப்போகும் சோபாவை மட்டும் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். அறுபதைத் தாண்டியவர்கள் இப்படி வாங்கக்கூடாது என்பது என் கட்சி. கூடுமானால் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்வேன்.

ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு ஷோரூமுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு டேப் வைத்துக்கொண்டு போங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து 15, 16 அங்குலம்தான் இருக்கும். உள்ளே ஆழம் 22 அங்குலத்துக்குக் குறையாது. உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு அங்குலம் புதையும். இளவட்டங்கள் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு செல்போன் பார்க்க அது சரி. நம் வயதில் முழங்கால் மேலேயும் இடுப்பு கீழேயும் போய்விட்டால், எழுந்திருக்க இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். எழும்போது நாம் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னுக்குச் சாய்த்துத்தான் எழுகிறோம். புது சோபாக்களில் முன்பக்கம் தரைவரை பலகை அடித்து மூடியிருக்கிறது. பாதம் எங்கே போகும்? அந்தக் காலத்துப் பிரம்பு நாற்காலியில் இந்தத் தொல்லை கிடையாது.

என் வீட்டம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். "ஏங்க, உக்காரது பெரிசில்ல, எந்திரிக்கறதுதான் பெரிசு" என்பாள். அவளைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்புக்குப் பின்னாலிருந்து தரைக்கு அளந்தேன். பதினேழரை அங்குலம். பஞ்சு ஒன்றரை அங்குலம் அமுங்கும் என்று வைத்து, 19 அங்குல உயரத்தில் சோபா செய்வது என்று முடிவானது. ஆழம் 18. இரண்டு கைகளும் உட்காரும் இடத்திலிருந்து ஏழு அங்குலம் மேலே, உள்ளங்கை ஊன்றுகிற அளவுக்கு அகலமாக. முன்பக்கம் திறந்தபடி.

மரத்துக்கு நாம் தேக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட்டில் இறங்குகிற இயந்திரங்களும் பாகங்களும் பைன் மரப்பெட்டியில் வருகின்றன. பெட்டி பிரித்ததும் பலகை பழைய மரக்கடைக்கு வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் இருந்த காலத்தில் இந்தப் பலகைகளை அடுப்பெரிக்க அள்ளிப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். பெட்டியில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிக்கான உலக விதி அது. அதில் 'எச்.டி.' என்று இருந்தால் சூடேற்றிய மரம். நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருப்பார்கள். 'எம்.பி.' என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அது வீட்டுக்குள் வேண்டாம். எச்.டி. மரம் என்றாலும் கரையான் பிறகு வராது என்று அர்த்தமில்லை. நம் அஞ்செட்டிக் கரையானுக்கு வெளிநாட்டுப் பைன் என்றால் விருந்து. நான்கு கால்களுக்கு அடியிலும் கிரானைட் துண்டு வைத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்!

துளையும் கழுந்தும் வெட்ட உள்ளூர் ஆசாரி ஒருவரை இரண்டு நாள் கூலிக்கு அழைத்தேன். எல்லாம் நாமே செய்கிறேன் பேர்வழி என்று இணைப்பில் வெறும் ஆணி அடித்தால் ஆறு மாதத்தில் கிரீச்சிடும். நாமே செய்தால் ஆசாரியின் பிழைப்பு போகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசாரியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் ரெடிமேட் சாமான்தான். அதே நண்பர் வீட்டு சோபாவின் அடிப்பலகை ஒரு மழைக்காலத்துக்கே பணியாரம் போல் ஊதிவிட்டது.

மெத்தை வேலையில்தான் பலருக்குப் பயம். பயப்பட ஒன்றுமில்லை. நாடாக்கட்டில் பின்னத் தெரிந்த தலைமுறை நாம். சட்டத்தில் அதே நாடாவை இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கோத்து, ஓரத்தில் மடித்து ஆணி அடித்தால் அடித்தளம் தயார். அதன்மேல் ஃபோம். கடைக்காரர் "40 டென்சிட்டி சார்" என்பார். நம்ப வேண்டாம், தராசில் வையுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். இரண்டடிக்கு இரண்டடி, நாலு அங்குல கனத்தில் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் கீழே வந்தால் அது வேறு சரக்கு. ஒரு வருடத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். இலவம்பஞ்சு நல்லதுதான், ஆனால் கட்டிதட்டும். அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். அதனால் முதுகுத் திண்டுக்கு மட்டும் வைத்தேன்.

மேலே ரெக்சின் போடாதீர்கள். கோடையில் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். நான் பவானி ஜமக்காளத்தை வெட்டி உறை தைத்தேன். கல்யாண வீடுகளில் ஊரே உட்கார்ந்தும் கிழியாத துணி. கழற்றித் துவைக்கலாம். மரம், கூலி, ஃபோம், துணி எல்லாம் சேர்த்து மூன்று பேர் உட்காரும் சோபா 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. "அப்பா, ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்திடும், இதுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடணுமா?" என்றான் பெங்களூர் மகன். வீட்டம்மா பதில் சொல்லவில்லை. யார் கையையும் பிடிக்காமல் எழுந்து காபி போடப் போனாள்.

இதை எழுதும்போது இன்னொரு ஆதங்கமும் வருகிறது. நம் காடு முழுக்க உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்தது, இன்று புல்லை அழித்து ஆடு மாட்டுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் செய்கிறது. காவிரிக்கு அந்தக் கரையில், மாதேஸ்வரன் மலையில், இதே உண்ணிக் கழியை வெட்டி வேகவைத்துத் தோலுரித்து, பிரம்பு போல் வளைத்து நாற்காலியும் சோபாவும் செய்கிறார்கள் சோளகர்கள். பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பயிற்சி கொடுத்து ஆரம்பித்த வேலை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதே செடியில் செய்த ஆளுயர யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நாற்காலி செய்து உண்ணிச்செடியை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வெட்ட வெட்ட முளைக்கும் சாதி அது, வேரோடு பிடுங்கினால்தான் அடங்கும். ஆனால் பிடுங்குகிற கைக்குக் கூலியாவது அதிலிருந்து கிடைக்கலாம் அல்லவா?

2014 முதல் நம்மைச் சுற்றியுள்ள காடு காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். அனுமதி இல்லாமல் ஒரு குச்சி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகவே இதை வனத்துறைதான் ஆரம்பிக்க வேண்டும். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்து இருளர் இளைஞர்கள் ஓசூருக்குக் கூலி வேலைக்குப் பஸ் ஏறுவதற்குப் பதிலாக, ஒரு கொட்டகையும் வேகவைக்க ஒரு அண்டாவும் கொடுத்துப் பார்க்கலாம். அப்படி ஒன்று வந்தால் முதல் ஆர்டர் என்னுடையது. நாற்காலி இரண்டு, உயரம் 18 அங்குலம், ஆழம் 18, இரண்டு பக்கமும் கை, முன்பக்கம் திறந்திருக்க வேண்டும்.