முதல் புத்தகத்தைச் சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பப் போறீங்களா? ‘ஓகே’ வந்த பிறகுதான் கவனம் தேவை

2025 செப்டம்பரில் ராய்ப்பூரில் நடந்த ஒரு விழாவில் இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்லவுக்கு 30 லட்சம் ரூபாய்க்கான காசோலை தரப்பட்டது. அது பரிசுத் தொகை இல்லை, ராயல்டி. 1999-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய ‘தீவார் மே ஏக் கிட்கி ரஹ்தி தீ’ நாவலின் சில மாத விற்பனையில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு. கொடுத்தது ஹிந்த் யுக்ம். இந்தியின் பழம்பெரும் பதிப்பு நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது சின்னப் பதிப்பகம்.

இதே சுக்ல 2022-ல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டார். தன் நூல்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவந்த பெரிய பதிப்பகங்களிடமிருந்து வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் வருகிறது, என் புத்தகங்களை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். பதிப்பகங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. பிறகு அந்த நாவல் பதிப்பகம் மாறியது. 30 லட்சம் அப்படி வந்தது.

உடனே கனவு காண வேண்டாம். அந்த ஆண்டு அவருக்கு ஞானபீடம் அறிவிக்கப்பட்டிருந்தது, நாவலும் சமூக ஊடகங்களில் ஒரு அலையாகப் போய்க்கொண்டிருந்தது. அது விதிவிலக்கு. ஆனால் அந்தச் சண்டையின் மையத்தில் இருந்த இரண்டு கேள்விகள் விதிவிலக்கு இல்லை. எத்தனை பிரதி விற்றது என்று யார் சொல்வது? புத்தகத்தைத் திரும்பக் கேட்டால் வாங்க முடியுமா? வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் முதல் நாவலையோ கதைத் தொகுப்பையோ எழுதி முடித்துவிட்டு, எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான்.

ஏன் பெரும்பாலும் சின்னப் பதிப்பகம்?

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இலக்கிய ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு. பதிப்பகத்தோடு பேரம் பேசுவது, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது எல்லாம் அவர் வேலை. தமிழில் அந்த ஆளே கிட்டத்தட்ட இல்லை. எழுத்தாளரும் பதிப்பாளரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள், பல நேரங்களில் வாட்ஸ்அப்பிலேயே. புது ஆளின் முதல் நூலைத் துணிந்து எடுப்பதும் பெரும்பாலும் சின்னப் பதிப்பகங்கள்தான். அவை சென்னையில் மட்டும் இல்லை. எதிர் வெளியீடு பொள்ளாச்சியில் இருக்கிறது, வம்சி திருவண்ணாமலையில், அடையாளம் புத்தாநத்தத்தில். இன்று நன்றாக வளர்ந்துவிட்ட காலச்சுவடு நாகர்கோவிலிலிருந்து வருகிறது.

சின்னப் பதிப்பகம் என்றால் பல இடங்களில் ஒருவர், மிஞ்சினால் மூன்று பேர். கதையைப் படிப்பவரும் அவரே, அச்சகத்தோடு மல்லுக்கட்டுபவரும் அவரே, கூரியருக்குப் பார்சல் கட்டுபவரும் அவரே. அதனால் அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு தனி மனிதரின் ரசனை, சில சமயம் அவருடைய அரசியலும்கூட. 2014-ல் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிடவிருந்த நவயானா பதிப்பகம், அவர் நரேந்திர மோடியை ஆதரித்துப் பேசியதும் வெளியீட்டைக் கைவிட்டது. அது சரியா தவறா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. இங்கே விஷயம் இவ்வளவுதான்: அந்தப் பதிப்பகத்தின் கடைசி பத்து நூல்களில் மூன்றையாவது படிக்காமல் அனுப்பாதீங்க. கவிதையே போடாதவருக்குக் கவிதை அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எப்போது, எப்படி அனுப்புவது?

தமிழ்ப் பதிப்புலகின் காலண்டர் ஜனவரியில் முடிந்து பிப்ரவரியில் தொடங்குகிறது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் புது நூல்கள் குவியும். அக்டோபர், நவம்பரில் நீங்கள் அனுப்பும் ஃபைல் இரண்டில் ஒரு கதிக்கு ஆளாகும். ஒன்று, யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள். இன்னொன்று இதைவிட மோசம்: “இந்தக் கண்காட்சிக்கே கொண்டுவந்துடலாம்” என்று நாற்பது நாளில் அச்சேற்றிவிடுவார்கள். எடிட்டிங் கிடையாது, மெய்ப்பு ஒரு ரவுண்டு, பின்னட்டையில் உங்கள் பெயரிலேயே ஒற்றுப்பிழை. புத்தகக் காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை அனுப்புங்க. அப்போதுதான் பதிப்பாளருக்கு உட்கார்ந்து படிக்க நேரம் இருக்கும்.

அனுப்ப வேண்டியது முடிந்த பிரதி. “பாதி எழுதியிருக்கேன், நீங்க ஓகே சொன்னா முடிச்சிடுவேன்” என்பது புனைவில் எடுபடாது. கட்டுரை நூலுக்கு மட்டும் அத்தியாயச் சுருக்கமும் இரண்டு மாதிரி அத்தியாயங்களும் போதும் என்று சிலர் ஏற்பார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்ட் ஃபைல் அனுப்புவது நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிட்டு, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்க. மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: என்ன வகை நூல், எத்தனை சொற்கள், எதைப் பற்றியது, முன்பு எங்கே எழுதியிருக்கிறீர்கள். வேறு பதிப்பகத்துக்கும் அனுப்பியிருந்தால் சொல்லிவிடுவது மரியாதை. கிண்டிலில் முன்பே போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு 90 நாள் சுற்றுக்கும் மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது.

“என் கதையைத் திருடிட்டா?” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் தேதியே ஓரளவுக்கு ஆதாரம். முதல் நூலைப் பொறுத்தவரை திருட்டைவிடப் பதில் வராமல் போவதுதான் நிஜமான ஆபத்து. மூன்று மாதம் பாருங்க, ஒருமுறை நினைவூட்டுங்க, அப்புறம் அடுத்த இடத்துக்குப் போங்க.

‘ஓகே’யில் இரண்டு வகை

ஒரு பதிப்பாளர் “உங்க நாவல் நல்லா இருக்கு, போடலாம்” என்கிறார். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அவர் தன் பணத்தைப் போடுகிறார் என்பது ஒன்று. உங்கள் பணத்தில் அவர் பெயரில் வெளிவருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை யாரும் அந்த வார்த்தைகளில் சொல்வதில்லை. “நூறு காப்பி மட்டும் நீங்க வாங்கிக்கணும்” என்று மெல்ல வரும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு காலத்தில் தமிழ் நூல் என்றால் முதல் பதிப்பு 1000 அல்லது 1200 பிரதி. டிஜிட்டல் அச்சு வந்த பிறகு 200, 300 போட்டுப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. உங்கள் நூலின் விலை 250 ரூபாய், 300 பிரதியும் விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 10 சதவீத ராயல்டி என்றால் உங்களுக்கு 7,500 ரூபாய். இப்போது அந்த ‘நூறு காப்பி’யை 30 சதவீதக் கழிவில் வாங்கினால் நீங்கள் கட்டுவது 17,500. முந்நூறும் விற்றாலும் உங்கள் கையிலிருந்து 10,000 போயிருக்கும், வீட்டில் நூறு புத்தகம் இருக்கும். பதிப்பாளருக்கோ அச்சுச் செலவில் கணிசமான பகுதி புத்தகம் கடைக்குப் போகும் முன்பே திரும்பிவிட்டது.

இது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். சிறு பதிப்பாளர் பலர் நகையை அடகு வைத்து அச்சகத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள், விற்பனையாளர் கழிவு மட்டுமே 30, 40 சதவீதம் போய்விடும். ஆனால் பணம் உங்களுடையது என்றால் நிபந்தனைகளும் மாற வேண்டும். நீங்கள் முதல் போட்டுவிட்டு, உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு, ராயல்டியும் அதே 10 சதவீதம் என்றால் அந்தப் பேரத்தில் ஏதோ தப்பு இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் யோசியுங்க. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது.

பணம் போட்டுத்தான் நூல் வர வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால், அதை மறைக்காமல் செய்யும் சுயபதிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே விலைப்பட்டியலாவது முன்கூட்டியே தெரியும். சின்னப் பதிப்பகத்திடம் நீங்கள் தேடிப் போவது வேறு: ஒரு நல்ல எடிட்டரின் கண், ஒரு மரியாதையான பட்டியலில் இடம். தமிழில் எடிட்டிங் என்ற சொல்லுக்கே கௌரவம் சேர்த்தது 1974-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா. அதுவும் சின்னப் பதிப்பகம்தான். ஆகவே கேட்டுவிடுங்க: எடிட் செய்வது யார்? எத்தனை ரவுண்டு? இல்லை, புரூஃப் மட்டும்தானா?

எழுத்தில் இருக்கணும்

“நமக்குள்ள என்ன ஒப்பந்தம், நம்பிக்கைதானே” என்ற வசனம் தமிழ்ப் பதிப்புலகில் மிகப் பழசு. சொல்கிறவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். பிரச்சினை, சட்டத்துக்கு அந்த நம்பிக்கை தெரியாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. அதாவது வாய்ப்பேச்சில் போட்ட நூலுக்கு அந்தப் பதிப்பாளருக்கே பாதுகாப்பு இல்லை. இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னாலே பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தச் சட்டம் பல இடங்களில் எழுத்தாளர் பக்கம் சாய்ந்திருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ள வேண்டும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதி. உரிமத்துக்கும், அதாவது உரிமையை விற்காமல் வெளியிட அனுமதி மட்டும் கொடுப்பதற்கும், இவை தக்க மாற்றங்களோடு பொருந்தும். உங்களுக்கு அந்த உரிமம்தான் நல்லது.

ஆனால் கவனிங்க, இந்தப் பாதுகாப்பில் முக்கியமானவை ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போது வருபவை. “பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும், எல்லா வடிவங்களிலும்” என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை. முப்பது வயதில் கையெழுத்துப் போடுகிறவர் பேரப்பிள்ளைகள் சார்பிலும் போடுகிறார். அச்சு நூலுக்கு மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு என்று கேளுங்க. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. மொழிபெயர்ப்பைச் சும்மா விட்டுக்கொடுக்காதீங்க: 2025 சர்வதேச புக்கர் பரிசை வென்ற பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ கன்னடக் கதைகளின் மொழிபெயர்ப்புத்தான், வெளியிட்டதும் இங்கிலாந்தின் ஒரு சிறு பதிப்பகம். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு நூலைத் தரும் உரிமையையும் இனிமேல் தனியாகக் குறிப்பிடுவது நல்லது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது ஏஎன்ஐ தொடுத்து, பிறகு இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும் தலையிட்ட வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதே இந்த உரிமைக்கு ஒரு விலை இருப்பதால்தான்.

ராயல்டியில் சதவீதத்தைவிட, எதன் மேல் சதவீதம் என்பது முக்கியம். அச்சிட்ட விலையில் 10 சதவீதம் என்றால் 250 ரூபாய் நூலுக்கு 25 ரூபாய். “நிகர வரவில்” என்றால், 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் 150-ல் 15 ரூபாய்தான். நூலக ஆணை கிடைத்தால் மொத்தமாகச் சில நூறு பிரதிகள் ஒரே நாளில் போகும், அதற்கும் ராயல்டி உண்டா என்று எழுதி வாங்குங்க. வருடத்துக்கு ஒருமுறை, இன்ன மாதத்தில், அச்சிட்டது எவ்வளவு, விற்றது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கணக்கு வர வேண்டும். அச்சிட்ட எண்ணிக்கை இல்லாத கணக்கை நீங்கள் எதோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது.

கடைசியாக, சுக்ல கேட்ட அந்த இரண்டாவது கேள்வி. பழைய ஒப்பந்தங்களில் “நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்” என்று இருக்கும். அது ஆயிரம் பிரதி போட்டுத் தீர்ந்த காலத்துக்குச் சரி. இப்போது யாராவது ஆர்டர் கொடுத்தால் ஒரே ஒரு பிரதிகூட அச்சடிக்கலாம். ஆகவே எந்த நூலும் ‘அச்சில் இல்லை’ என்று ஆகவே ஆகாது. வருடத்துக்கு நான்கு பிரதி விற்றாலும் அது பதிப்பாளரிடமே இருக்கும். அதனால் அந்த வரியை மாற்றிக் கேளுங்க: “தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றாலோ, இரண்டு ஆண்டுகள் கணக்கு தரப்படாவிட்டாலோ, ஆசிரியர் மின்னஞ்சலில் தெரிவித்த 60 நாளில் எல்லா உரிமைகளும் அவரிடம் திரும்பும்.” 50 என்பதை 30 ஆக்கச் சொல்லிப் பதிப்பாளர் பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளலாம். எண்ணே வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.