பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே?

கொடைக்கானலுக்கு இ-பாஸ் 2024 மே 7 அன்று உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தொடங்கியது. அடுத்த கோடையில் வரம்பும் வந்தது: வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. மலை இதற்கு மேல் தாங்காது என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. கோபம் வரம்பின் மேல் அல்ல. உத்தரவைக் கையில் வாங்கி, வண்டியை எண்ணியதோடு கடமை முடிந்தது என்று எழுந்துபோன நிர்வாகத்தின் மேல்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் கத்திரி வெயில் எப்படிக் காயும் என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தால், கொஞ்சம் தண்ணீரையும் குளிரையும் பார்க்க நம் ஜனம் போகிற இடம் கொடைக்கானல். காருக்குப் பாஸ் வேண்டும், அரசுப் பஸ்ஸுக்கு வேண்டாம். சரி, பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள். எந்தப் பஸ்ஸில்? இங்கே ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் போய், அங்கே கொடைக்கானல் வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். வந்த வண்டியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவனுக்கு சீட்டு. கைக்குழந்தைக்காரியும் வயசாளியும் மலைப்பாதை முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடன் வாங்கியாவது வேன் பேசிப் போகலாம் என்றால், பதினைந்து பேரை அடைத்து வரும் வேனும் இரண்டு பேர் சாய்ந்து வரும் காரும் வரம்புக் கணக்கில் ஒரே வண்டி. காரைக் குறைக்கிற அன்றே பஸ்ஸைக் கூட்ட வேண்டும் என்பது யோசிக்கவே முடியாத பெரிய தத்துவமா? சீசனுக்குப் பேருக்கு நாலு சிறப்புப் பஸ் விட்டுப் பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பதைக் கூட்டியதாக நாம் ஏற்கவில்லை.

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தவருக்கு ஏரிக்கரையில் என்ன கிடைக்கிறது? ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சாலை. நடக்க, சைக்கிள் மிதிக்க, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி இறக்க ஏற்ற இடம். பாஸ் வாங்கி வந்த கார்களும் அதே சாலையில்தான் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றுகின்றன. மகாராஷ்டிரத்து மாதேரானில் காரை தஸ்தூரியிலேயே நிறுத்திவிட வேண்டும். ஊருக்குள் நடையும் குதிரையும் குட்டி ரயிலும் இ-ரிக்‌ஷாவும்தான். அவ்வளவு தூரம் எதற்கு? மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் கார் போவதில்லை. அதனால் அங்கே எந்தக் கடையும் பட்டினி கிடக்கவில்லை.

1863இல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கிய லெவிஞ்ச், மதுரை கலெக்டராக இருந்தவர். அப்போது திருச்சுழியும் மதுரை மாவட்டம்தான். துரைமார் படகு விட ஏரி வந்தது. இங்கே வெயிலில் கிடந்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. துரைமார் போய்விட்டார்கள். கார் இல்லாதவன் கதை அப்படியேதான் இருக்கிறது.

இந்த நிர்வாகத்தின் பழைய லட்சணமும் நமக்குத் தெரியும். 1993இல் கொடைக்கானலுக்கு மாஸ்டர் பிளான் போட்டார்கள். அதே ஊரில் இரண்டு மாடிக்கு அனுமதித்த இடத்தில் ஏழு மாடி விடுதி எழுந்தது, அதற்கு விதிவிலக்கு ஆணையும் பிறந்தது. விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைக்க 2019இல் நீதிமன்றம்தான் விரட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மலையை நாசமாக்கியதைக் கண்டுபிடித்துக் கத்தியவர்கள் ஊர்க்காரர்களும் தொண்டு அமைப்புகளும். ஆலை மூடிய 2001 வரை இந்த அதிகாரம் எந்த ஃபைலுக்கு மேல் தலைவைத்துத் தூங்கியது?

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2021 பிப்ரவரியில் ரூ.14,400 கோடி என்று சொல்லி, காவிரியைக் குண்டாற்றில் சேர்க்க அடிக்கல் நாட்டினார்கள். குண்டாற்றில் காவிரியைக் காணோம், சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. தண்ணீரை இங்கே கொண்டுவரவும் தெரியவில்லை, தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஜனத்தைக் கொண்டுபோகவும் தெரியவில்லை. சோதனைச் சாவடியில் நின்று நம்பர் பிளேட்டைப் படிக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது.

ஏரிச்சாலையிலிருந்து காரை எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, யார் எத்தனை மணிக்கு மாற்று வண்டி விடுவது என்பதையெல்லாம் சம்பளம் வாங்குகிறவர்கள் உட்கார்ந்து யோசிக்கட்டும். அடுத்த சித்திரைக்குள் ஏதோ ஒரு வழி பிறந்தாக வேண்டும். அதுவரை, மலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் மேடை போட்டுப் பேச வேண்டாம்.