மூன்றாண்டுக் கெடு யாருக்காக?

நவீன் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் பினாங்கு உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் விடுவித்தது. அடிபட்ட காயங்களோடு 2017 ஜூன் 15ஆம் தேதி பினாங்கு மருத்துவமனையில் உயிரிழந்தபோது அந்த இளைஞருக்கு வயது 18. எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் பிறையிலும் ஜார்ஜ்டவுனிலும் மக்கள் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் அடித்தது யார்?

தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவின்படி கொலை என்று சொல்ல, ஒருவர் அடிபட்டு இறந்தார் என்பது மட்டும் போதாது. அடித்தவர் இவர்தான், கொல்லும் எண்ணத்தோடு அல்லது சாவுக்குப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தும் எண்ணத்தோடு அடித்தார் என்பது ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும். அந்த ‘எண்ணம்’ நீதிபதிகளையே பிரிக்கிறது. அதே 2017 ஜூனில் மாண்ட கடற்படைப் பயிற்சி மாணவர் சுல்பர்ஹான் வழக்கில், கொலையல்ல என்றது உயர்நீதிமன்றம். 2024இல் கொலையே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2025இல் கூட்டரசு நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கி 18 ஆண்டுச் சிறை விதித்தது. ஆகவே நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு யாரையும் சிறையில் தள்ள நாம் சொல்லவில்லை.

நமது ஆத்திரம் வேறு இடத்தில். உரிமையியல் வழக்குக்கு அவ்வளவு கடுமையான நிரூபணம் தேவையில்லை. எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தாலே போதும். குற்றவியல் வழக்கில் விடுதலையானவர் மீதும் குடும்பத்தார் இழப்பீடு கோரலாம். ஆனால் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இறந்தவரைச் சார்ந்திருந்தோர் மரண நாளிலிருந்து மூன்றே ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது. நவீன் மரணத்துக்கு அந்தக் கெடு 2020 ஜூனிலேயே முடிந்தது. நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு இன்னும் நடப்பில் இருந்த நேரம் அது. அரசுத் தரப்பு எட்டாண்டு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு மூன்றாண்டு!

பிறை தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் சம்பளத்தை இழந்து பாலம் கடந்து லைட் ஸ்திரீட்டுக்கு வருகிறவர், “கேஸ் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்றுதான் இருப்பார். கெடு ஓடிக்கொண்டிருப்பதை அவருக்கு யார் சொல்வது? கொலையுண்ட அல்தான்துயாவின் குடும்பத்துக்கு வழக்கறிஞர் கர்பால் சிங் இருந்தார். 2006இல் நடந்த கொலைக்கு 2007லேயே வழக்குப் பதிவானதால்தான், 2022இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 50 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்க முடிந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு கர்பால் கிடைப்பாரா?

கெடுவுக்குள் ஓடிப்போனாலும் கிடைப்பது என்ன? இறந்தவர் சம்பாதித்துக்கொண்டிருந்தால்தான் வருமான இழப்புக்குக் கணக்கு. படிக்கிற பிள்ளை என்றால் அந்தக் கணக்கில் பூஜ்யம். 2019இல் அதிகாரத்தில் இருந்தவர்கள் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். துக்கத்துக்கான தொகையை 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆக்கினார்கள். மூன்றாண்டுக் கெடுவைத் தொடவில்லை. இறந்தவர் சார்பில் பாடம் புகட்டும் இழப்பீடு கேட்பதைத் தடுக்கும் 8(2)ஆம் பிரிவையும் அப்படியே விட்டார்கள். விளைவு, 2021இல் ஒரு தடுப்புக்காவல் மரண வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காட்டியே அத்தகைய இழப்பீட்டை மறுத்தது.

இப்படிக் கிடப்பில் போடுவது ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. அந்த ஆணையம் அமையாத நிலையில், 2009இல் தைப்பான் காவல் நிலையத்தில் தடுப்புக்காவலில் இருந்த குகன் இறந்தார். அவருடைய தாய் நீதிமன்றப் படியேறித்தான் 2013இல் சுமார் 8 லட்சம் ரிங்கிட்டுக்குத் தீர்ப்புப் பெற்றார். பரிந்துரைக்கப்பட்ட ஆணையமோ பல் பிடுங்கப்பட்டு, வேறு பெயரில், 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. நாற்காலியில் அமர்பவர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. கோப்பு மட்டும் அதே மேசையில் கிடந்தது. தேர்தல் வந்தால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கும்பிடு போடத் தெரிகிறவர்களுக்கு, ஒரு சட்டப் பிரிவைத் திருத்தத் தெரியவில்லையா?

குற்றவியல் வழக்கு முடியும்வரை இழப்பீட்டுக் கதவு திறந்திருக்க ஏதேனும் ஒரு வழி செய்யுங்கள். எந்த வழி என்பதை நமது வாக்கு வாங்கி நாடாளுமன்றம் போனவர்கள் யோசிக்கட்டும். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.